வரைபடம் இல்லாமலா ஏரி போனது?

2025 பிப்ரவரி 18 அன்று மத்தியப் பிரதேசத்தின் ராய்சேன் நகரில் 'நக்ஷா' என்ற தேசியத் திட்டம் தொடங்கியது. 26 மாநிலங்களிலும் 3 யூனியன் பிரதேசங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட 152 நகர உள்ளாட்சிகள் வானிலிருந்து அளக்கப்படும். ஒவ்வொரு மனையும் ஒவ்வொரு கூரையும் படமாகும். அந்தப் படத்தின் மேல் நில உரிமைப் பதிவேடு எழும்பும். முதற்கட்டச் செலவு சுமார் 194 கோடி ரூபாய்.

இப்படியொரு அறிவிப்பு வரும்போதெல்லாம் ஒரே பல்லவி கேட்கிறது. நம் நகரங்கள் தாறுமாறாக வளர்ந்ததற்குக் காரணம் துல்லியமான வரைபடம் இல்லாததுதான் என்கிறார்கள். எது ஏரி, எது சாலை, எந்தக் குடிசையில் எத்தனை பேர் என்பது அரசுக்கே தெரியாமல் போனதால்தான் வெள்ளம் வருகிறது, ஆக்கிரமிப்பு பெருகுகிறது, சாக்கடை வழிகிறது. ட்ரோனும் செயற்கைக்கோளும் ஜிஐஎஸ் எனும் புவித் தகவல் மென்பொருளும் வந்துவிட்டால் நகரம் உள்ளங்கை நெல்லிக்கனியாகிவிடும். அப்புறம் திட்டமிடுவதில் என்ன சிரமம்? அமைச்சர்கள் சொல்கிறார்கள், மென்பொருள் நிறுவனங்கள் சொல்கின்றன, உலக வங்கியின் ஆவணங்கள் சொல்கின்றன, படித்த நடுத்தர வர்க்கமும் தலையாட்டுகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கதையின் அடிப்படையே தவறு. வேகமாக வளர்ந்த குடியிருப்புகள் திட்டமில்லாமல் கிடப்பது அரசின் கண்ணில் படாததால் அல்ல. கண்ணில் பட்டது, ஏட்டில் ஏற்றிக்கொள்ள மனம் வரவில்லை. இந்த நோய்க்கு ட்ரோன் மருந்தாகாது. சில இடங்களில் அதுவே நோயை முற்றச் செய்திருக்கிறது.

சென்னையிலிருந்தே தொடங்கலாம். தமிழ்நாட்டின் நில அளவைப் பதிவேடுகளில் புலப்படம் என்று ஒரு தாள் உண்டு. அலுவலகத்தில் எஃப்எம்பி என்பார்கள். ஒரு சர்வே எண்ணுக்கு ஒரு தாள். கல் நட்ட முனைகள் குறிக்கப்பட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள நீளம் கோட்டின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். பக்கத்து நிலத்தின் எண் ஓரத்தில் இருக்கும். ஊடே வாய்க்கால் போனால் அதுவும் தன் உட்பிரிவு எண்ணோடு இருக்கும். துணைக்கு 'அ' பதிவேடு. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக நிலத்தின் வகை: ஏரி, வாய்க்கால், கழுவெளி, மேய்க்கால், களம், சுடுகாடு, வண்டிப்பாதை. சர்வேயர்கள் வெயிலில் சங்கிலி இழுத்து அளந்த அளவு அது. இன்றைக்கு அதை இணையத்திலேயே பார்க்கலாம். எந்த நிலம் தண்ணீருக்குரியது என்பது சென்னையைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்திலும் ரகசியமாக இருந்ததில்லை.

அப்படியிருந்தும் என்ன நடந்தது? 1920களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவானது. ஆக்கிரமிப்பாளர்கள் இரவோடு இரவாகக் கட்டிய ஊர் அல்ல அது. 1920ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் கையில் இருக்க, அதிகாரிகள் கோடு போட்டுத் திட்டமிட்ட ஊர். மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. பார்ப்பதற்கு ஏரி இல்லை. 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். வேளச்சேரி ஏரியின் ஒரு பகுதி வீட்டுவசதி வாரியத்துக்கும் குடிசை மாற்று வாரியத்துக்கும் ஒதுக்கப்பட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. இதில் வரைபடம் இல்லாத குறை எங்கே வந்தது? எந்த இடத்தில் ஏரி இருக்கிறது என்று தெரிந்துதான் அந்த இடம் எடுக்கப்பட்டது. புறம்போக்கு என்பதால் இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை, வழக்குப் போட ஆளில்லை, மொத்தமாகப் பரந்த நிலம் கிடைக்கும். ஏரியைக் காட்டிக்கொடுத்ததே அந்தப் பதிவேடுதான்.

பள்ளிக்கரணையின் கதை இன்னும் பெரியது. 1960களில் சுமார் 5,500 ஹெக்டேர் பரந்து கிடந்ததாகக் கணக்கிடப்படும் சதுப்பு நிலம். தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரெல்லாம் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலைச் சேரும். ஊர்க்காரர்கள் இதைக் கழுவெளி என்றார்கள். அந்தச் சொல்லிலேயே நிலத்தின் தன்மை இருக்கிறது. அரசின் பார்வையிலோ அது வெறும் தரிசு. தரிசு என்று பெயர் விழுந்த பிறகு மாநகராட்சி அங்கே குப்பை கொட்டியது. பெருங்குடிக் குப்பைமேடு பிறந்தது. பின்னாலேயே தகவல் தொழில்நுட்பச் சாலை, பறக்கும் ரயில் பாதை, அரசு நிறுவனங்கள், தனியார் அடுக்குமாடிகள். 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் ஈரநிலத் தலமாக அறிவிக்கப்பட்டபோது எல்லைக்குள் வந்தது 1,247.5 ஹெக்டேர். பழைய பரப்பில் கால் பங்கு கூட இல்லை. இந்த அறுபது ஆண்டுகளில் இந்திய நில அளவைத் துறையின் வரைபடம் இருந்தது, வருவாய்த் துறையின் பதிவேடு இருந்தது, பிற்காலத்தில் செயற்கைக்கோள் படமும் ஆண்டுதோறும் கிடைத்தது. சதுப்பு சுருங்குவதை எல்லாப் படங்களும் காட்டின. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவவில்லை.

2015 டிசம்பரில் நகரம் மூழ்கியது. இது மனிதர் உருவாக்கிய பேரிடர் என்று 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைத் தணிக்கைத் துறையின் அறிக்கை எழுதியது. எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது, வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மறுபடி மூழ்கின. இடைப்பட்ட ஆண்டுகளில் சென்னைக்கென்றே கணினி வழி வெள்ள எச்சரிக்கை அமைப்பு உருவாக்கப்பட்டிருந்தது. எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் ஆற்றலை நோக்கி அது வளர்ந்துகொண்டிருந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் நீர் போகிற வழியில் கட்டடம் கட்ட அனுமதி தரும் கையெழுத்தை எந்தக் கணினியும் தடுக்கவில்லை.

திட்டம் போடுவதில் ஏற்பட்ட தாமதத்துக்கும் வரைபடத்தின் மேல் பழி போட முடியாது. சென்னைப் பெருநகரின் முதல் முழுமைத் திட்டம் 1970களின் நடுவில் வந்தது. இரண்டாவது திட்டத்தின் வரைவு 1995இல் தயாராயிற்று. நடைமுறைக்கு வந்தது 2008 செப்டம்பரில். வழக்கு, ஆட்சி மாற்றம், திருத்தம் என்று பதின்மூன்று ஆண்டுகள் போயின. அந்தப் பதின்மூன்று ஆண்டுகள்தாம் பழைய மாமல்லபுரம் சாலை வயலும் சதுப்பும் மாறி வணிக வீதியான காலம். திட்டம் வந்து சேர்ந்தபோது நகரம் முன்னே போய்விட்டிருந்தது.

நாடு முழுவதும் நிலை இதுதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியாவின் 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்கு முழுமைத் திட்டமே கிடையாது. மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் அனுமதிக்கப்பட்ட நகரமைப்பாளர் பணியிடங்கள் மொத்தம் 3,945. அதில் 42 விழுக்காடு காலி. 140 கோடிப் பேர் வாழும் நாட்டுக்கு இவ்வளவுதான் ஆள். படம் எடுக்கக் கருவி வாங்கலாம். எடுத்த படத்தை வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி, கவுன்சிலரோடு வாதாடி, ரியல் எஸ்டேட் காரரின் தொலைபேசி அழைப்பைத் தாண்டி, 'இங்கே கட்டக்கூடாது' என்று எழுதுகிற மனிதரை எந்த டெண்டரில் வாங்குவது?

ஏழைகளின் கதைக்கு வந்தால் இந்த வாதம் முற்றாகவே உடைகிறது. தமிழ்நாட்டில் குடிசைப் பகுதிகள் சட்டம் வந்தது 1971இல். சென்னையில் கணக்கெடுத்து 1,202 குடிசைப் பகுதிகளை அரசு அறிவித்தது. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அத்தோடு சரி. அதன் பிறகு நகரம் பல மடங்கு பெருத்தது. புதுப்புது குப்பங்களும் நகர்களும் ஆற்றோரத்திலும் ரயில் பாதை ஓரத்திலும் வந்தன. பத்தாண்டுகள் பல கடந்தும் அந்தச் சட்டத்தின் கீழ் ஒன்று கூடப் புதிதாக அறிவிக்கப்படவில்லை. அறிவித்தால் அங்கே குடிநீரும் கழிப்பறையும் தரும் பொறுப்பு வரும். கண்டபடி அப்புறப்படுத்த முடியாது. அறிவிக்காவிட்டால் அது வெறும் 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. அந்தக் குப்பங்கள் இருப்பது வாக்காளர் பட்டியலுக்குத் தெரியும், ரேஷன் கடைக்குத் தெரியும், மின்வாரியத்துக்குத் தெரியும். தெரிந்தும் 1985இல் பட்டியலை மூடி வைத்தது ஒரு நிர்வாக முடிவு.

கூவக்கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? நகரின் நடுவிலிருந்து இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், பள்ளிக்கரணைச் சதுப்பின் தெற்கே, பெரும்பாக்கத்துக்கு. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு அது. வெள்ள ஆபத்து என்று ஆற்றங்கரையிலிருந்து எடுத்தவர்களை வெள்ளம் நிற்கும் தாழ்நிலத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். 2015இலும் தண்ணீர் வந்தது, 2023இலும் வந்தது. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். பிள்ளைகள் படிப்பின் நடுவே பள்ளியை விட்டார்கள். பெரும்பாக்கம் தாழ்நிலம் என்பதைக் கண்டுபிடிக்க ட்ரோன் வேண்டியதில்லை. ஊர்ப் பெயரின் பின்பாதியே, கடலோர ஊர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

வானிலிருந்து எடுக்கும் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரையில் ஒரு தகரக் கூரை ஒரு நாற்கரமாக விழுகிறது. மென்பொருள் அதற்கு ஓர் எண் கொடுக்கிறது: ஒரு கட்டடம். கீழே போய்ப் பார்த்தால் முன்கட்டில் வீட்டுக்காரர் குடும்பம். பின்கட்டில் வாடகைக்கு ஒரு குடும்பம். பரண்மேல் புதிதாகக் கல்யாணமான மகன். திண்ணையில் காலை மட்டும் நடக்கும் இட்லிக் கடை. வாசலில் நீல நிறத்தில் மூன்று பிளாஸ்டிக் டிரம். தண்ணீர் லாரி எந்த முனையில் நிற்கும், வாரத்தில் எந்த நாள் வராது என்பதெல்லாம் அந்த டிரம்மின் சொந்தக்காரிக்கு மட்டுமே தெரியும். எந்தச் சந்தில் மழை வந்தால் முழங்கால் தண்ணீர், எந்தக் கழிப்பறைக்கு இரவில் பெண்கள் போகப் பயப்படுவார்கள், யார் வீட்டுச் சுவர் யாருடைய இடத்தில் நிற்கிறது என்பதும் அப்படித்தான். இவை இல்லாமல் போடுகிற திட்டத்தில் முதலில் அடிபடுவது வாடகைக்கு இருப்பவர். படத்தில் அவர் இல்லவே இல்லை. இழப்பீட்டுப் பட்டியலிலும் இருக்கமாட்டார்.

கென்யத் தலைநகர் நைரோபியின் கிபேரா இந்த விஷயத்தில் உலகுக்கே பாடம். பத்து லட்சம் பேர் வாழும் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சேரி என்று தொண்டு நிறுவனங்களும் பத்திரிகைகளும் ஆண்டுக்கணக்கில் எழுதின. 2009 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1,70,070 பேர் என்றது. அந்த எண்ணிக்கையையும் குறைவு என்று மறுப்பவர்கள் உண்டு. ஆனால் இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள பள்ளமே கதையைச் சொல்லிவிடுகிறது: யாரும் உள்ளே போய் எண்ணவில்லை, வெளியே நின்று ஊகித்தார்கள். அதே 2009இன் இறுதியில் மிக்கேல் மரோன், எரிக்கா ஹேகன் என்ற இருவர் 'மேப் கிபேரா' பணியைத் தொடங்கினார்கள். கிபேராவின் பதின்மூன்று ஊர்களிலிருந்து இளைஞர்கள் வந்தார்கள். கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு தங்கள் சந்துகளில் நடந்தார்கள். தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மருந்தகம், பள்ளி, தேவாலயம், விளக்கில்லாத மூலை என்று ஒவ்வொன்றையும் குறித்து ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தளத்தில் ஏற்றினார்கள். அதுவரை பொது வரைபடங்களில் வெற்றிடமாகக் கிடந்த இடம் சில வாரங்களில் தெருவும் பெயருமாக நிறைந்தது.

டிஜிட்டல் வரைபடத்தின் வெற்றிக் கதையாக மாநாடுகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி இது. கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம். 2018 ஜூலையில் கிபேராவின் ஊடே ஒரு சாலை போட மண் தள்ளும் எந்திரங்கள் வந்தன. மறுகுடியேற்றத் திட்டம் முடியும் முன்பே வீடுகளும் பள்ளிகளும் இடிந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியில் நின்றன. எட்டு ஆண்டுக்கும் மேலாக அந்த இடத்தின் பள்ளியும் மருந்தகமும் உலகம் பார்க்கும் படத்தில் இருந்தன. இடிப்பவர்களுக்கு அது தடையாக இருக்கவில்லை. கிபேரா மக்களுக்கு நிலத்தின் மீது சட்ட உரிமை இல்லை. உரிமை இல்லாதவர் படத்தில் ஏறினாலும் ஒன்றுதான், ஏறாவிட்டாலும் ஒன்றுதான்.

சில நேரம் ஏறுவதே ஆபத்தாகிவிடுகிறது. கராச்சியின் ஓராங்கி குடியிருப்பில் 1980இல் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய பணியை நகரமைப்புப் படிப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். அரசு சாக்கடை போடாது என்று தெரிந்ததும் சந்துக்காரர்களே காசு போட்டுத் தங்கள் சந்துக்குக் குழாய் பதித்தார்கள். இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சாக்கடை கிடைத்தது. அந்தப் பணியை வழிநடத்திய கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான் ஊர் இளைஞர்களைக் கொண்டு நகரின் இயற்கை ஓடைகளையும் மக்கள் போட்ட குழாய்களையும் வரைபடமாக்கினார். பின்னர் நகரின் விளிம்பில் உள்ள பழைய கிராமங்களை, நில மாஃபியாவின் கண் விழுந்த 'கோட்'களை, எல்லை குறித்து ஆவணப்படுத்தினார். படத்தில் ஏறி அரசின் ஏட்டில் பதிவானால் அந்தக் கிராமத்தை விழுங்க முடியாது என்பது அவர் கணக்கு. 2013 மார்ச் 13 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே நகரத்தில், 2020 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு, குஜ்ஜர் ஓடைக்கும் ஓராங்கி ஓடைக்கும் புதிய அளவீடு நடந்தது. ஓடை இத்தனை அடி அகலம், கரையோரச் சாலை இத்தனை அடி என்று கோடு போடப்பட்டது. கோட்டுக்குள் வந்த வீடுகளை 2021இல் இடித்தார்கள். அரசே கொடுத்த குத்தகைப் பத்திரம் வைத்திருந்தவர்களின் வீடும் தப்பவில்லை. ஒரு லட்சம் பேர் வரை வீடிழக்க நேரும், இடிப்பை நிறுத்துங்கள் என்று ஐ.நா. வல்லுநர்கள் அந்த ஆண்டு ஜூனில் கேட்டுக்கொண்டார்கள். ஒரே ஓடைகள், ஒரே நகரம், இரண்டு வரைபடம். ஒன்றை அங்கே குடியிருப்பவர்கள் வரைந்தார்கள், சாக்கடை கிடைத்தது. மற்றதை மேலிருந்து வரைந்தார்கள், வீடு போயிற்று. தொழில்நுட்பம் நடுநிலையானது, பயன்படுத்துவோர் கையில்தான் எல்லாம் என்று தோளைக் குலுக்குகிறவர்கள் இந்த இரண்டாவது படத்தின் முன்னால் வந்து அதைச் சொல்லட்டும். அரசின் கையில், உரிமையற்றவர்களின் தலைக்கு மேல், அவசரமாக வரையப்படும் படம் எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமே இல்லை.

வெளிப்படைத்தன்மை வரும், இடைத்தரகர் ஒழிவர் என்பது இன்னொரு வாதம். கர்நாடகத்தின் 'பூமி' திட்டம் சுமார் இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றி நாடெங்கும் பாராட்டுப் பெற்றது. 2007இல் சாலமன் பெஞ்சமினும் உடன் ஆய்வாளர்களும் பெங்களூரைச் சுற்றிக் களத்தில் பார்த்து எழுதியது வேறு: பதிவு ஒரே இடத்தில் குவிந்ததும் பெரிய நிலங்களைத் தேடும் நிறுவனங்களுக்குத்தான் வேலை எளிதாயிற்று, சிறு விவசாயியின் செலவும் அலைச்சலும் குறையவில்லை. திறந்து வைத்த பெட்டியை முதலில் வந்து பார்ப்பவர் யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெளிப்படைத்தன்மை பேசிப் பயனில்லை.

அப்படியானால் ட்ரோனே வேண்டாமா, பழையபடி சங்கிலியும் கோணக்கட்டையும்தானா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2015 வெள்ளத்தில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சென்னையின் மூழ்கிய தெருக்களைக் குறித்துக் கொடுத்தார்கள். எத்தனையோ பேர் அதைப் பார்த்து வழி தேடினார்கள். டான்சானியாவின் தாருஸ்ஸலாமில் 2015 முதல் 'ரமனி ஹூரியா' என்ற பெயரில் பல்கலைக்கழக மாணவர்களும் பகுதி மக்களும் சேர்ந்து வெள்ளம் வரும் பேட்டைகளின் வடிகால்களைத் தெருத் தெருவாக வரைந்தார்கள். ஐம்பது லட்சத்தைத் தாண்டிய அந்த நகரத்தில் பெரும்பான்மையோர் திட்டமிடாத குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அந்தப் படம் இல்லாவிட்டால் எந்த வடிகால் எங்கே அடைபடுகிறது என்றே தெரிந்திருக்காது. கருவியின் பயனை யாரும் மறுக்கவில்லை. மறுக்கப்படுவது, கருவியைக் கொண்டே காரியம் தொடங்க வேண்டும் என்ற நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஒடிசாவின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். அங்கே குடிசைவாசிகளுக்கு நில உரிமை தரும் 'ஜகா மிஷன்' திட்டத்தில் ட்ரோன்கள் ஆயிரக்கணக்கான குடிசைப் பகுதிகளின் மேல் பறந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு நில உரிமைச் சான்று கிடைத்தது. உலக வாழ்விட விருதும் வந்தது. ஆனால் ட்ரோன் பறப்பதற்கு முன்பு என்ன நடந்தது? 2017இல் குடிசைவாசிகள் நில உரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. குடியிருக்கும் இடம் குடியிருப்பவருக்கே. சான்று வாரிசுக்குப் போகும், அடகு வைத்து வீட்டுக் கடன் வாங்கலாம், விற்க மட்டும் கூடாது என்று சட்டம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு பகுதியிலும் குடியிருப்போர் சங்கம் அமைந்தது. வானத்துப் படத்தைத் தரையில் வைத்து வீடு வீடாகச் சரிபார்த்தார்கள். 'உன்னை எடுக்க வரவில்லை, உனக்குக் கொடுக்க வந்திருக்கிறோம்' என்ற உறுதி சட்டத்தில் இருந்ததால்தான் மக்கள் கதவைத் திறந்து அளக்க விட்டார்கள். குறையும் உண்டு. தொடக்கத்தில் மாநகராட்சிகள் சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டன. புவனேசுவரத்தில் பறக்கவும் அதே ட்ரோனால் முடியும். நிலத்தின் விலை ஏறிய இடத்தில் உரிமை கொடுக்கத்தான் அரசுக்குக் கை வரவில்லை. ஒடிசாவின் வெற்றியும் குறையும் ஒரே விஷயத்தைத்தான் நிரூபிக்கின்றன.

நைரோபியிலேயே முக்குரு என்ற பகுதியில் சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள். 2017 ஆகஸ்டில் அதை நைரோபி மாவட்ட அரசு சிறப்புத் திட்டப் பகுதியாகச் சட்டப்படி அறிவித்தது. பத்து வீட்டுக்கு ஒரு குழு என்று கீழிருந்து கட்டி, அந்தக் குழுக்கள் வழியாகத் திட்டம் பேசப்பட்டது. வழக்கமான விதிப்படி சாலை அகலம் வைத்தால் ஏராளமான வீடுகள் போய்விடும் என்று தெரிந்ததும் வீட்டுக்கேற்ப விதியை வளைத்தார்கள். 2020 முதல் அங்கே சாலையும் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் வரத் தொடங்கின. கிபேராவில் படம் முந்தி வந்தது, சட்டம் வரவில்லை. முக்குருவில் சட்டமும் சங்கமும் முந்தின. இரண்டும் ஒரே நகரம், நடுவில் சில கிலோமீட்டர் தூரம்தான்.

ஆகவே நக்ஷா திட்டத்தின் 152 நகரங்களின் மேல் பறக்கும் விமானத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்விகள் படத்தின் துல்லியம் பற்றியவை அல்ல. பட்டா இல்லாத வீட்டின் மேல் அந்தக் கோடு விழும்போது அங்கே குடியிருப்பவரின் பெயர் ஏட்டில் ஏறுமா, 'அரசு நிலம், ஆக்கிரமிப்பு' என்ற சொல் ஏறுமா? வாடகைதாரர் எந்தக் கட்டத்தில் வருவார்? ஏரி என்று 'அ' பதிவேட்டில் இருப்பதும் இன்று வளாகமாக நிற்பதும் முரண்படும்போது எது செல்லும்? அந்தக் கட்டடம் அரசுடையதாக இருந்தால்? படத்தைத் திருத்தக் கோரும் உரிமை குடிசையில் இருப்பவருக்கு உண்டா, அதற்கு எத்தனை நாள், எந்த மொழியில்? இவற்றுக்குச் சட்டத்தில் பதில் எழுதாமல் எடுக்கப்படும் படம், பெரும்பாக்கத்துக்கு அடுத்த பெரும்பாக்கத்தைத்தான் உருவாக்கும்.

சென்னைக்கு அடுத்த இருபது ஆண்டுகளுக்கான மூன்றாவது முழுமைத் திட்டம் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. இம்முறை எல்லாமே ஜிஐஎஸ். வண்ணமயமான படங்கள் வரும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவு வெளியானதும் மக்களின் ஆட்சேபணைக்கும் ஆலோசனைக்கும் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் வரைவுப் படத்தை எடுத்து, பக்கத்தில் தங்கள் ஊரின் பழைய புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் வைத்து, வாய்க்கால் இருந்த இடத்தில் இப்போது என்ன நிறம் பூசியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆற்றோரத்துக் குப்பத்தின் பெயர் படத்தில் எழுதப்பட்டிருக்கிறதா, வெறும் பச்சையாக விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குப்பத்திலிருந்து ஒருவரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆட்சேபணையை எழுதுங்கள். சர்வே எண்ணோடு எழுதுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.